பந்துக்கு முன்னால் இருக்கும் புல்

(போடிநாயக்கனூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போடியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனாலும் இந்த ஊர்க்காரன் ஒருவன் இங்கே நின்று கோல்ஃப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மேற்கே பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டி பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. அந்த மூணாற்றில் ஹைரேஞ்ச் கிளப்புக்கு ஒன்பது குழி மைதானம் இருக்கிறது. வடக்கே மலையேறினால் 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப். துரைமார் காலத்தில் மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து நம் ஊருக்குத்தான் வந்தது. தேயிலை கீழே இறங்கியது. வேலைக்குப் போன நம் ஆட்கள் மேலே ஏறினார்கள். கொழுந்து பறிக்கப் போனவர்கள் உண்டு, காய் எடுக்கப் போனவர்கள் உண்டு. மைதானத்தில் துரைமாருக்குப் பின்னால் பை சுமந்து நடந்தவர்களும் உண்டு. என் தாய்மாமா அந்தக் கடைசி வகை.

மாமா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மலைமேல் ஒரு மைதானத்தில் பல வருஷம் கேடியாக, அதாவது பை சுமப்பவராக, இருந்தார். அங்கே திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் கேடிகள் விளையாடலாம். மற்ற ஆறு நாளும் மட்டையைத் துடைக்கலாம், எடுத்து நீட்டலாம், பந்தைத் தேடிக் கொடுக்கலாம், அடிக்கக் கூடாது. கொய்யாக் கிளையைச் சீவி ஒரு மட்டை செய்து வைத்துக்கொண்டு, சாயந்திரம் லயத்துக்குப் பின்னால் காய்ந்த ஏலத் தட்டையின் துண்டைப் பந்தாக வைத்து அடித்துக்கொண்டிருப்பார். நான் பள்ளி விடுமுறையில் போயிருந்தபோது என் கையிலும் அதைக் கொடுத்தார். நான் குனிந்து பந்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு ஓங்கினேன். அப்போது அவர் சொன்னது: “பந்தப் பாக்காத மாப்ள. பந்துக்கு முன்னாடி இருக்குற புல்லப் பாரு. மட்டை அங்க போய்த்தான் தரையத் தொடணும்.”

பின்னாளில் நான் இயற்பியல் படித்து, முப்பது வருஷம் அதையே பாடமாக நடத்தினேன். கோல்ஃப் பந்து அடிபடும் விதத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். மாமா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி நான் அதிகம் போய்விடவில்லை. அது ஏன் சரி என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் பந்தைப் பார்ப்போம். விதிப்படி அதன் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடும் ஒருவர் டிரைவர் என்கிற நீள மட்டையை வீசும்போது, ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள அதன் தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பந்து மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் எவ்வளவு? ஒரு விநாடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அரை மில்லி விநாடி.

தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண்ணிமைப்பதையும் கைநொடிப்பதையும் வைத்தது.  அந்த ஒரு இமைப்புக்குள் இந்த அடியை நானூறு தடவை அடுக்கலாம். அதற்குள் பந்து மட்டையின் முகத்தில் அப்பி, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தட்டையாகி, மறுபடி உருண்டையாகி, சுழன்றுகொண்டு பிரிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பந்தின்மேல் விழும் விசை, சராசரியாக அறுநூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையை அதன்மேல் ஏற்றி வைத்ததற்குச் சமம். ஏல மையத்துக்கு வரும் ஐம்பது கிலோ மூட்டை பன்னிரண்டை ஒரு எலுமிச்சம்பழத்தின் மேல் அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்த ஹெரால்டு எட்ஜர்ட்டன் 1930-களில் மின்னல்போல் வெட்டும் விளக்கை வைத்து இந்த அடிகளைப் படம் எடுத்தார். வெறும் கண்ணால் இதைப் பார்க்கவே முடியாது.

அந்த அரை மில்லி விநாடியில் மட்டைத் தலை நகரும் தூரம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். உங்கள் கட்டைவிரலின் அகலம். அந்த அகலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அடிபட்ட அதிர்வு மட்டைக் கம்பியில் ஏறி உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து மூளைக்குப் போய், ‘பட்டுவிட்டது’ என்று உங்களுக்குத் தெரியவரும்போது பந்து பல அடி தள்ளிப் போயிருக்கும். பட்ட பிறகு கையைத் திருகுவது, தோளால் தள்ளுவது, தூக்கிவிடுவது எதுவும் பந்துக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்ற இருவர் பல வருஷ ஆராய்ச்சியைத் தொகுத்து 1968-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை என் மனதில் தங்கிவிட்டது. மட்டைத் தலைக்குச் சற்று மேலே கதவுக்கு வைப்பதுபோல ஒரு கீல் பொருத்தி, அதைக்கொண்டு அடிக்கச் சொன்னார்கள். தலைக்கும் கைக்கும் உறுதியான பிடிப்பே இல்லை. ஆனாலும் பந்து வழக்கமாகப் போகும் தூரத்துக்கு அருகில் போனது. அடிபடும் கணத்தில் தலை தனியாகப் பறந்து வரும் ஒரு கல்லைப் போலத்தான் வேலை செய்கிறது. உங்கள் உடம்பு அதற்குக் கொடுக்க வேண்டியதை முன்பே கொடுத்து முடித்திருக்க வேண்டும்.

அப்படியானால் பலம் எதற்கு என்று கேட்பீர்கள். வேகத்துக்கு. மட்டைத் தலையின் எடையை இரண்டு மடங்காக்கி அதே வேகத்தில் வீசினால் பந்தின் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே அதே பலன் கிடைத்துவிடும். சரி, அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? கொட்டகுடி ஆற்றங்கரையில் துவைகல்லில் ஈர வேட்டியை அடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கை முதலில் இறங்குகிறது. துணி பின்தங்கி, தோளுக்குப் பின்னாலேயே தொங்குகிறது. கை இடுப்புக்கு வந்து மெதுவாகும்போது துணி முந்திக்கொண்டு சுழன்று வந்து கல்லில் ‘பட்’டென்று விழுகிறது. கடைசிவரை கை வேகமாகவே போனால் அந்தச் சத்தம் வராது. காக்ரனும் ஸ்டாப்ஸும் கோல்ஃப் வீச்சை ஒன்றோடு ஒன்று கோத்த இரண்டு ஊசல்களாக வரைந்து விளக்கினார்கள்; தோளிலிருந்து கை ஒரு ஊசல், மணிக்கட்டிலிருந்து மட்டை இன்னொன்று. துவைகல்லில் நடப்பதும் அதுவேதான். புதிதாக ஆடுகிறவர் செய்யும் பெரிய தவறு, மேலே ஓங்கிய இடத்திலேயே மணிக்கட்டை விரித்துவிடுவது. துணி தலைக்கு மேலேயே அடித்து முடித்துவிட்டது. கல்லுக்கு வரும்போது அதில் ஒன்றும் இல்லை.

இனி மாமாவின் புல்லுக்கு வருகிறேன்.

மட்டைத் தலை காற்றில் ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்துக்கு அடிப்புள்ளி ஒன்று உண்டு. அந்தப் புள்ளி பந்துக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் நல்ல ஆட்டக்காரரையும் மற்றவரையும் பிரிக்கிறது. இரும்பு மட்டையால் தரையில் கிடக்கும் பந்தை அடிக்கும்போது, தேர்ந்தவர்களுக்கு அந்த அடிப்புள்ளி பந்தைத் தாண்டி, இலக்கின் பக்கமாக ஏறக்குறைய நான்கு அங்குலம் தள்ளி விழுகிறது. மட்டை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தொடுகிறது. முதலில் பந்து, அப்புறம் புல். புல்லோடு பெயர்கிற மண்துண்டை டிவாட் என்பார்கள். அது பந்து இருந்த இடத்துக்கு முன்னால்தான் பெயர வேண்டும். பந்துக்குப் பின்னால் பெயர்ந்தால் மட்டையின் வேகத்தை மண் தின்றுவிட்டது என்று பொருள்.

ஏன் பின்னால் விழுகிறது? பந்தைத் தூக்க நினைப்பதால். பந்து மேலே போக வேண்டும், ஆகவே கீழிருந்து மேலே அள்ள வேண்டும் என்று உடம்பு நினைக்கிறது. எடை பின்காலில் தங்கிவிடுகிறது. அடிப்புள்ளி பின்னால் விழுந்தால் தரையில் குத்தும். அதற்குப் பயந்து கையைச் சுருக்கினால் மட்டையின் விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டு, அது தரையோடு ஓடும். இரண்டும் ஒரே வியாதி. பந்தை ஏற்றும் வேலை மட்டை முகத்தின் சாய்வுடையது. ஏழாம் எண் இரும்பு மட்டையின் முகம் ஏறக்குறைய முப்பது டிகிரி சாய்ந்திருக்கிறது. இறங்கி வரும் அந்தச் சாய்ந்த முகம் பந்தை உயர்த்தி அனுப்புவதோடு, பின்பக்கமாகச் சுழற்றியும் விடுகிறது. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று. அந்தச் சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்குகிறது. இதை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பி. ஜி. டெய்ட், 1890-களில். அவருடைய மகன் ஃப்ரெடி டெய்ட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றார். அப்பா கணக்கில் கண்டதை மகன் புல்லில் செய்து காட்டினார். அந்த மகன் 1900-இல் போயர் போரில் இறந்துபோனார்.

டெய்ட் காலத்துப் பந்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மலையைத் தொடுகிறது. 1848-க்கு முன்பு தோல் பைக்குள் இறகைத் திணித்துப் பந்து தைத்தார்கள். பிறகு மலாய்க் காட்டு மரத்தின் பால், கட்டா பெர்ச்சா, வந்தது. அதை உருக்கி உருட்டினார்கள். பந்து மலிவானது, விளையாட்டு பரவியது. புதிய வழவழப்பான பந்தைவிட அடிபட்டு வடுப்பட்ட பழைய பந்து நன்றாகப் பறப்பதை ஆடுகிறவர்கள் கவனித்தார்கள். இன்றைய பந்தின் குழிகள் அந்த வடுக்களின் வாரிசுகள். அந்த மலாய் மரத்தின் நெருங்கிய சொந்தம் நம் ஏலமலைக் காடுகளிலேயே நிற்கிறது. மலையாளத்தில் பாலி என்பார்கள். தோட்டத்தில் நிழலுக்கு விட்டு வைத்திருக்கும் பெரிய மரங்களிலும் அது உண்டு. மதராஸ் மாகாண வனத்துறையைத் தொடங்கி நடத்திய ஹியூ கிளெகார்ன் 1858-இல் இந்த மரத்தின் பாலைப் பற்றி ஒரு குறிப்பே வெளியிட்டார். மலாய்ப் பாலுக்கு அது ஈடாகவில்லை. ஈடாகியிருந்தால் ஏலக்காயோடு பந்தும் போடி வழியாக இறங்கியிருக்கும். நாளைக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள் அந்த மரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள்.

எங்கே தொடுவது என்பதைப் பார்த்தோம். இனி முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது.

தோட்டத்தில் நிழல்மரக் கிளையைக் கவாத்து பண்ணுகிறவரிடம் கேளுங்கள். அரிவாளை எவ்வளவு பலமாக வீசுவது என்று அவர் யோசிப்பதே இல்லை. அரிவாளின் வாய் கிளைக்கு எப்படி விழுகிறது என்பதில்தான் அவர் கவனம். வாய் கொஞ்சம் திரும்பினால் எவ்வளவு பலம் போட்டாலும் வழுக்கிக்கொண்டு போகும், காலிலும் விழும். கோல்ஃப் மட்டையின் முகமும் அப்படித்தான்.

வெகுகாலம் பயிற்சிப் புத்தகங்களில் இதைத் தலைகீழாக எழுதி வந்தார்கள். மட்டை வீசும் வழியில் பந்து கிளம்பும், பிறகு முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்று சொன்னார்கள். தியடோர் யோர்கன்சன் என்ற இயற்பியலாளர் 1994-இல் எழுதிய கோல்ஃப் இயற்பியல் புத்தகம் இதைச் சரியாக விளக்கியது. பிறகு டென்மார்க்கின் டிராக்மேன் ரேடார் வந்து எல்லோரும் பார்க்கும்படி அளந்து காட்டியது. பந்து கிளம்பும் திசையில் முக்கால் பங்குக்கும் மேல் முகத்துடையது. டிரைவரில் அது இன்னும் கூடுதல். முகமும் வீச்சின் வழியும் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் பந்தின் சுழல் அச்சு சாய்கிறது. போடிமெட்டு வளைவில் பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும். பந்தும் அச்சு சாய்ந்த பக்கம் திரும்புகிறது.

இது தெரியாததால் ஒரு பரிதாபம் நடக்கிறது. வலக்கைக்காரர் ஒருவருக்குப் பந்து வலப்பக்கமாக வளைந்துகொண்டே போகிறது. ஸ்லைஸ் என்பார்கள், புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் குறைதான். அவர் என்ன செய்கிறார்? வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கமாக இழுத்து வீசுகிறார். வீச்சு இடப்பக்கம் போகப் போக, முகம் வீச்சுக்கு வலப்பக்கமாகத் திறந்துகொண்டே வருகிறது. அச்சு இன்னும் சாய்கிறது, பந்து இன்னும் வளைகிறது. மருந்தே நோயை வளர்க்கிறது. இப்படி வருஷக்கணக்கில் போராடி, கடைசியில் மட்டையைப் பரணில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்ய வேண்டியிருந்தது, பிடியைக் கொஞ்சம் திருப்பி, அடிபடும்போது முகம் மூடி வர வைப்பதுதான். முகம் சரியானால் வீச்சின் வழி தானாகவே திருந்த ஆரம்பிக்கும். இடப்பக்கம் இழுக்க வேண்டிய காரணமே போய்விடுகிறது. ஒரு டிகிரிதானே என்று விடாதீர்கள். 200 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது மூன்றரை மீட்டர். அதோடு வளைவும் சேரும்.

மலைமேல் ஆடப்போகும் தம்பிகளுக்கு இரண்டு வார்த்தை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். காற்று லேசு. அங்கே அதே அடிக்குப் பந்து நூற்றுக்கு எட்டு பங்கு கூடுதலாகப் போகும். தூரத்தைக் கீழ்நாட்டுக் கணக்கில் போட்டால் குழியைத் தாண்டிவிடுவீர்கள். இன்னொன்று, மூணாற்றுப் பனி. புல்லின் ஈரம் முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் மாட்டினால் சுழற்சி குறைந்துவிடும். விழுந்த இடத்தில் பந்து நிற்காது. ஒவ்வொரு அடிக்கும் முன்பு துண்டால் முகத்தைத் துடையுங்கள். ஆட்டக்காரர் கேட்காமலேயே மட்டையைத் துடைத்துக் கொடுத்த ஒவ்வொரு கேடிக்கும் இது தெரியும்.

கேடிகளைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1991-இல் இந்தியன் ஓப்பன் வென்ற அலி ஷேர், 2009-இல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா. இருவரும் பை சுமந்து தொடங்கியவர்கள். ஒருவர் டில்லியில், ஒருவர் பெங்களூரில். காசு கொடுத்துப் பாடம் கேட்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான அடிகளைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தார்கள். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பந்து என்று காதுக்கே தெரிந்திருக்கும். என் மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்று, சத்தத்தை மட்டும் கேட்டு “பின்னாடி பட்டுருச்சு”, “நுனில பட்டுருச்சு” என்று சொல்வார். ஒருமுறைகூட அவர் தவறிச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரு நல்ல மட்டையும், வாரத்தில் ஏழு நாளும் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு வருவோம். இதற்கு மைதானம் வேண்டாம், விலைகூடிய எதுவும் வேண்டாம்.

வீட்டில் இருக்கும் கோலப்பொடியை எடுத்து மண்தரையில், நீங்கள் அடிக்கும் திசைக்குக் குறுக்காக இரண்டு அடி நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்து நில்லுங்கள். பந்து வேண்டாம். இரும்பு மட்டையை அரை வீச்சு வீசுங்கள். பிறகு குனிந்து, மண் எங்கே பெயர ஆரம்பித்திருக்கிறது என்று பாருங்கள். கோட்டிலேயோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ ஆரம்பித்திருந்தால் நல்ல அடி. கோட்டுக்குப் பின்னால் ஆரம்பித்திருந்தால் எடை இன்னும் பின்காலில் இருக்கிறது. முன்காலுக்குக் கொண்டுவந்து மறுபடி வீசுங்கள். பொடி தீரும்வரை வீசுங்கள். நான் இதைச் செய்து பார்த்த முதல் வாரம் என் அடையாளமெல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் கிடந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் வெள்ளைக் கோடு அப்படியே பாதியாக வெட்டுப்பட்டு, மண் அதற்கு முன்னால் தெறித்துக் கிடந்தது. அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்தது, ஒரு சாக்கு. பழைய துணியை இறுக்கித் திணித்து, பந்து இருக்கும் இடத்தில் வைத்து அதில் அடித்து நிறுத்துங்கள். நம் ஊரில் கிடைக்கிறதே என்று இலவம்பஞ்சை அடைத்துப் பார்த்தேன்; அதில் எடை போதாது, துணிதான் சரி. மட்டை சாக்கில் பட்டு நின்றதும் அசையாமல் உங்கள் கையைப் பாருங்கள். கை மட்டைத் தலைக்கு முன்னால், இலக்குப் பக்கம் இருக்க வேண்டும். துவைகல்லை நினைத்துக்கொண்டால் உடம்புக்கு வந்துவிடும்.

மூன்றாவது, மட்டை முகத்தில் கொஞ்சம் முகப்பவுடரைத் தடவிவிட்டுப் பந்தை அடியுங்கள். எங்கே பட்டதோ அங்கே வட்டமாகப் பவுடர் அழிந்திருக்கும். நடுவில் படாத அடியில் எவ்வளவு பலம் போட்டிருந்தாலும் அதில் ஒரு பகுதி மட்டையைத் திருப்புவதிலேயே வீணாகிறது. அந்த வட்டம் நடுவுக்கு வரும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. டிரைவரில் பந்து டீ என்ற குச்சியின்மேல் நிற்கிறது. அங்கே அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழலாம். மட்டை லேசாக ஏறும்போது பந்தைத் தொட்டால் தூரம் கூடும். ஆனால் தரையில் கிடக்கும் பந்தை அடிக்கத் தெரிந்த பிறகு அதற்குப் போகலாம்.

பின்வரிசைத் தம்பிகள் நான்கைந்து பேர் கொடைக்கானலில் பழக ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்கள். நாளைக் காலை ஆறரை மணிக்கு, ஆற்றங்கரை வெளியில் கோலப்பொடியும் சாக்கும் கொண்டுவந்து கோடு போட்டு வைக்கிறேன். மட்டை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், என்னிடம் இரண்டு இருக்கிறது. மாமாவின் கொய்யாக் கிளையும் இன்னும் பத்திரமாக இருக்கிறது. பந்து கொண்டுவராதீர்கள். முதல் வாரம் பந்து வேண்டாம்.